தொட்டி முனைச் சத்தம்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி பேரிங் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷமாகப் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பார்க்கிறவன் நான். எழுதி வைக்காத சோதனை சோதனையே இல்லை என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறவன். வீட்டிலும் இப்போது ஒரு சோதனை நடத்த வேண்டியிருக்கிறது.

கோளாறு: என் வண்டி வருவது துளசிமணிக்குக் கேட்கவில்லை.

பழைய வண்டி இருந்தவரை இந்தத் தொல்லை கிடையாது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பி, கியரைக் குறைத்து, ‘குடுகுடு’வென்று விடுவேன். அங்கிருந்து பதினோராவது வீடு எங்களுடையது. நான் வந்து சேரும்போது கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்திருக்கும். அடுப்பில் காப்பிக்குப் பால் ஏறியிருக்கும். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் எங்கள் வீட்டு கேட்டை நான் என் கையால் திறந்ததில்லை. இதில் என் அதிகாரம் ஒன்றுமில்லை. ஒரு தடவை அவளுக்கு நல்ல காய்ச்சல். எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அன்றைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டருகில் நின்றாள்.

போன மாதம் மகள் சௌமியா ஓசூரிலிருந்து வந்தாள். கிக்கர் அடித்து அடித்து அப்பாவின் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, பட்டனை அமுக்கினால் கிளம்புகிற புது வண்டியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல வண்டிதான். ஆனால் கிளம்பியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைக்கும் கேட் சாத்தியிருந்தது. இறங்கித் திறந்து உள்ளே போனேன். பின்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“எப்ப வந்தீங்க மாமா? சத்தமே காணமே!”

“அதைத்தாம் புள்ள நானும் சொல்றன். சத்தமே இல்லாத வண்டியப் புடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கறா உன்ற மக.”

ஹார்ன் அடிக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். கட்டினவளை ஹார்ன் அடித்துக் கூப்பிட நான் என்ன கேஸ் சிலிண்டர் வண்டியா?

ஜூன் 4, செவ்வாய்

கேட்: சாத்தியிருந்தது.

ஜூன் 7, வெள்ளி

கேட்: சாத்தியிருந்தது. பருப்பும் அடிப்பிடித்துவிட்டது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அவள் கணக்கு வைக்கவில்லை. நான் கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் நினைவில்லை. கருகின வாசம் வந்த பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம்.

டிவியில் சீரியல் பார்ப்பதை அவள் விட்டுவிட்டது நல்லது. இப்போதெல்லாம் செய்திதான் பார்க்கிறாள், அதுவும் கீழே எழுத்து ஓடுகிற சேனலாகப் பார்த்து. வயது ஆக ஆக அறிவு வளர்கிறது என்று சொன்னேன். முறைத்தாள்.

இன்னொன்று, என் மீசையைக் கத்தரிக்கச் சொல்லி நான்கு நாளாகப் பிடுங்கல். “ஒதட்டு மேல வந்து உளுகுதுங்க, வாயே தெரிய மாட்டீங்குது” என்கிறாள். முப்பத்தொரு வருஷமாகத் தொந்தரவு தராத மீசை இப்போது என்ன செய்தது என்று தெரியவில்லை. போகட்டும் என்று கத்தரித்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

உக்கடத்தில் சிக்கந்தர் பாய் கடைக்குப் போனேன். சைலன்ஸர் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கடையில் காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் நின்றார்கள். என் தலை நரையைப் பார்த்துவிட்டு, வழிகேட்டு வந்தவன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரித்தார். “இந்தப் பசங்கெல்லாம் ஊரே திரும்பிப் பாக்கணும் பாய்ங்கறானுக. உங்களுக்கு எவ்வளவுண்ணே வேணும்?”

“ஊரெல்லாம் வேண்டாம் பாய். ஒரே ஒருத்தி திரும்பிப் பாத்தாப் போதும்.”

சிரிப்பை நிறுத்திவிட்டு டீ சொன்னார்.

சைலன்ஸரைக் கழற்றி எனக்கு விளக்கினார். உள்ளே மூன்று அறை இருக்கிறதாம். என்ஜின் விடுகிற மூச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சுற்றிச் சுற்றிப் போய், சலித்துக் களைத்து, கடைசியில் வாலாக ஒரு சின்னக் குழாய் வழியே வெளியே வருகிறது. அறையை எடுத்துவிட்டால் இரைச்சல் வரும், சத்தம் வராது. இந்தப் பையன்கள் பண்ணுவது அதைத்தான். எனக்கு வேண்டியது தொந்தி உள்ள சத்தம். முதலில் வால் குழாயை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது என்று முடிவு. குழாயை நானே லேத்தில் கடைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12, புதன்

ஒரு கல்யாணத்துக்குப் போனோம், கணபதி ஏரியாவில். மண்டபத்தில் ஒரு பக்கம் நாதஸ்வரம், ஒரு பக்கம் செண்டை மேளம். பக்கத்து இலைக்காரர் ரசம் வேண்டுமா என்று கேட்டதையே சைகையில்தான் புரிந்துகொள்ள முடிந்தது. துளசி மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு என்றால், நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த மில் சிநேகிதி ஒருத்தியோடு. வாயசைவும் கையசைவும் மட்டும்தான். யாருக்கு சுகர், யார் மகளுக்கு வளைகாப்பு, யார் போய்ச்சேர்ந்தார்கள், எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

மில்லில் நூல் ஓட்டுகிற பெண்கள் எல்லோருக்கும் இது வரும். அந்த மெஷின் இரைச்சலில் காதோடு காதாகக் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் கைப் பாஷை வேறு. துளசி பதினெட்டு வயதில் மில்லுக்குப் போனவள். இருபத்தாறு வருஷம் காலை ஷிஃப்ட்டில் அந்த இரைச்சலில் நின்றாள், மில் மூடுகிறவரை.

நானும் அங்கே மூன்று வருஷம் ஃபிட்டராக இருந்தேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் நுனியோடு நுனி தொட்டு, பட்டென்று பிரித்தால், நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஃபிட்டர் தூரத்திலிருந்தே புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்ட வேண்டும். எந்த மெஷின் என்று கேட்கிறானாம். அவள் கை நீட்டிக் காட்டுவாள். துளசியின் பதினேழாம் நம்பர் மெஷின் ஒரே வாரத்தில் நான்கு தடவை ரிப்பேர் ஆனது. போய்ப் பார்த்தால் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எங்கே என்று எனக்குப் புரிய ஐந்தாவது தடவை ஆயிற்று. தையில் கல்யாணம்.

ஜூன் 14, வெள்ளி

கம்பெனியில் புது இஞ்சினியர் ஷர்மிளா வந்து நின்றாள். “சார், ஆறாம் டெஸ்ட் பெஞ்ச் பம்ப்புல மெல்லிசா ஒரு விசில் வருதுங்க சார்.” நானும் காதை வைத்துப் பார்த்தேன். கையை வைத்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாள் முழுக்கக் காதில் எதையாவது செருகிக்கொண்டே திரிகிறார்கள், அப்புறம் எல்லாம் விசிலாகத்தான் கேட்கும். பாஸ் போட்டு அனுப்பினேன்.

கேட்: சாத்தியிருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

வால் குழாய் மாட்டியாகிவிட்டது. சத்தம் தேவலை. முன்பு இருமலை அடக்கிக்கொள்கிறவர் மாதிரி இருந்தது, இப்போது தொண்டையைச் செருமுகிற அளவுக்கு வந்திருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

தொட்டி முனையில் திரும்பி, கியரைக் குறைத்து, முறுக்கினேன். கேட் திறந்தது. என் வீட்டு கேட் இல்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் தன் கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். பேசினால் இப்போதும் நம் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

“நாச்சிமுத்து, என்ன இது? உங்களுக்கு அறுபதா, இருபதா?”

“ஐம்பத்தொம்பதுங்க டீச்சர்.”

“வண்டிச் சத்தத்தைக் கொறைங்க. அப்பிடியே உங்க கேட்டுக்கும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. தொறக்கறப்பெல்லாம் கீச்சு கீச்சுன்னு பல்லு கூசுது.”

கேட்டை நான்கு தடவை ஆட்டிப் பார்த்தேன். ஒரு கீச்சும் இல்லை. வண்டி மேல் கோபம், அதைக் கேட்டின் மேல் காட்டுகிறார்.

துளசி உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, டீச்சர் திட்டியதைச் சொன்னேன். பதிலே இல்லை. அவளுக்கும் கோபம் போலிருக்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முன்னால் போய் நின்றேன். “ஏனுங்க மாமா, வேத்து வழியுது, மொகங் கழுவிட்டு வாங்க” என்று சிரித்தாள். கோபம் இல்லை.

இந்தச் சத்தம் பத்தாது. இன்னும் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

சௌமியா போன் பண்ணினாள். துளசி எடுத்துப் பார்த்துவிட்டு, “அடுப்புல வேலை, நீங்களே பேசுங்க” என்று என்னிடம் நீட்டினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. வீடியோவில் வா என்று நான் மகளிடம் சொன்னதும் துளசி வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள். பேத்தியின் முகம் பார்க்காமல் பேசப் பிடிக்கவில்லையாம். நியாயம்தான்.

ஜூன் 23, ஞாயிறு

பாய் கடையில் காலையிலிருந்து மூன்று மணிவரை. நடு அறையை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக நான் கடைந்துகொண்டு போன ஓட்டைக் குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. கடைசி அறையை நான்கு விரற்கடை நீட்டிப் பற்றவைத்தார் பாய். பஞ்சு இரைச்சலைக் குடித்துவிடும், நீண்ட அறை கனத்தை மட்டும் வெளியே விடும் என்று கணக்கு.

கிளப்பினோம். பழைய வண்டியின் தம்பி குரல். பாய் என் தோளைத் தட்டி, “போங்கண்ணே, அண்ணிகிட்டப் போய்க் காட்டுங்க” என்றார்.

ஜூன் 24, திங்கள்

கேட்: திறந்திருந்தது!

இரண்டு பக்கமும் விரிய. துளசி நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் அவளே சொன்னாள்: “தொட்டிகிட்டத் திரும்பறப்பவே கேட்டுருச்சுங்க மாமா. நம்ம பழைய வண்டியாட்டவே இருக்குது.”

காப்பியில் சர்க்கரை ஒரு ஸ்பூன் அதிகம். சொல்லவில்லை, குடித்துவிட்டேன். எனக்கு இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு உப்புப் போட்டுக் கொடுத்திருந்தாலும் குடித்திருப்பேன்.

ஜூன் 25, செவ்வாய்

கேட்: திறந்திருந்தது.

ஜூன் 28, வெள்ளி

கேட்: திறந்திருந்தது. நாள் முழுக்கச் சாரல். துளசியின் தலையெல்லாம் பொடிப்பொடியாக மழைத்துளி, சேலைத் தலைப்பு நன்றாக நனைந்திருந்தது. கொடியில் துணி எடுக்கப் போனேன் என்றாள். கொடியில் துணியே இல்லை. எடுத்து உள்ளே வைத்திருப்பாள்.

ஆறாம் பெஞ்ச் பம்பு திரும்பி வந்துவிட்டது. பேரிங் போய்விட்டதாம். நான் பாஸ் போட்ட தாளை ஷர்மிளா என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதுதான் சங்கடமாக இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

ஜூலை 1, திங்கள்

சிக்னலில் போலீஸ்காரர் ஓரங்கட்டினார். சின்ன வயது. குனிந்து சைலன்ஸரைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி சைலன்ஸரைப் பார்த்தார்.

“ஐயா, பையன் வண்டிங்களா?”

“என்ற வண்டிதானுங்க.”

“இந்த வயசுல எதுக்குங்கய்யா இதெல்லாம்? மாத்துன சைலன்ஸர் ஓட்டக்கூடாதுங்க. கம்பெனி சைலன்ஸரத் திருப்பி மாட்டிருங்க. அடுத்த வாரம் இதே எடத்துல நிப்பேன், இதோட வந்தீங்கன்னா கேஸ்தான்.”

என் வீட்டுக்காரிக்குக் கேட்க வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மாட்டப்போவதில்லை. ஒரு வாரம் வேறு வழியாகப் போய்க்கொள்ளலாம்.

ஜூலை 3, புதன்

கம்பெனியில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இரண்டரைக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.

தொட்டி முனையில் திரும்பும்போது மணி மூன்று. வழக்கம்போல முறுக்கினேன். கேட் சாத்தியிருந்தது.

நேரம் கெட்ட நேரத்தில் வருகிறேன், எதிர்பார்த்திருக்க மாட்டாள் என்று கேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தி, இறங்காமல் ஒருமுறை முறுக்கினேன். அப்புறம் நன்றாக முறுக்கினேன். தெருநாய் எழுந்து ஓடியது. எதிர்வரிசைத் தையல்காரர் வெளியே வந்தார். டீச்சர் மாடியில் வந்து நின்றார். மூன்றாவது தடவை முறுக்கியதில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது.

கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்தடிதான் இருக்கும். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வாசல் பக்கம் தள்ளிவைத்தாள். திரும்பவே இல்லை.

நான் என்ஜினை அணைத்தேன். வண்டியைத் திருப்பி, தொட்டி முனைவரை உருட்டிக்கொண்டே போனேன். எதற்கு உருட்டினேன் என்று தெரியவில்லை. ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம்.

டீக்கடையில் ஐந்தே முக்கால்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கிளப்பி வந்தேன். கேட் திறந்திருந்தது.

“தொட்டிகிட்டவே கேட்டுருச்சுங்க மாமா.”

நன்றாகக் கேட்கிறது என்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

கேட்: திறந்திருந்தது. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 5, வெள்ளி

காலையில் டீச்சர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் வீட்டுப் படியில் நிற்கவைத்தே சொன்னார். டீச்சர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

“முந்தாநாள் நீங்க உருட்டிட்டுப் போனதைப் பாத்தேன். இனி மறைச்சு என்ன? அவ தெனம் அஞ்சு மணிக்கே வந்து கேட்டுகிட்ட நின்னுக்கறா. மழையிலயும் அப்பிடித்தான். என் மாடியில இருந்து தொட்டி முனை தெரியும். நீங்க திரும்புனதும் நான் துண்டை வீசுவேன். அவ தொறப்பா.”

“நீங்களா டீச்சர்? சத்தம் போடறன்னு என்னையத் திட்டுனீங்களே?”

“திட்டுனேன். அதுக்கப்பறந்தான் அவ வந்து சொன்னா. ‘எனக்குக் கேக்கணும்னுதான் மாமா அந்தப் பாடு படறாரு டீச்சர், கேக்கலைன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு’ன்னா. நான் என்ன பண்ணட்டும்?”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவன், ஒரு மாதமாகத் தப்பான பாகத்தைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இல்லை, அதையும் உண்மையாக எழுதிவிடுகிறேன். கல்யாண மண்டபத்திலேயே எனக்கு ஏதோ தட்டியது. மீசையைக் கத்தரித்த அன்றே தட்டியது. சைலன்ஸர் என்றால் கழற்றி மாட்டிவிடலாம். அதனால் சைலன்ஸர் என்றே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் பாய் கடைக்குப் போய்க் கம்பெனி சைலன்ஸரைத் திருப்பி மாட்டினேன். கழற்றியதைப் பாய் சாக்கில் சுற்றி, “இங்கயே இருக்கட்டும்ணே, நல்ல வேலை அது” என்று மேலே வைத்தார்.

பன்னிரண்டு மணிக்குச் சத்தமில்லாத வண்டியில் வந்து, சாத்தின கேட்டை நானே திறந்து உள்ளே போனேன். துளசி துவைக்கிற கல்லருகில் இருந்தாள். அசைவைப் பார்த்துத்தான் நிமிர்ந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை, பத்தடி தள்ளியே நின்றேன். இரண்டு ஆள்காட்டி விரலையும் நுனியோடு நுனி தொட்டு, பிரித்தேன். புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினேன்.

எந்த மெஷின்?

சோப்பு நுரையோடு அப்படியே நின்றாள். முதலில் சிரித்தாள். என்ன கிறுக்கு இது என்கிற சிரிப்பு. நான் கையை இறக்கவில்லை. சிரிப்பு கொஞ்சங்கொஞ்சமாகப் போயிற்று. ஈரக்கையைத் தூக்கி இடது காதைக் காட்டினாள். பிறகு வலது காதையும் காட்டினாள்.

அதன் பிறகு நாங்கள் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஊறவைத்த துணி சாயங்காலம்வரை ஊறியது.

“எத்தன நாளாப் புள்ள?”

“ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. பழைய வண்டி வந்தா அலமாரில டம்ளரு கிடுகிடுன்னு ஆடும். அதைப் பாத்துட்டுத்தான் ஓடியாருவன். புது வண்டிக்கு டம்ளரு ஆடவே மாட்டீங்குது. நீங்க சைலன்ஸர மாத்தியும் ஆடுல.”

“ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லுல?”

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “தெரிஞ்சா நீங்களும் கத்திப் பேச ஆரம்பிச்சிருவீங்க. மில்லுல இருவத்தாறு வருசம் எல்லாரும் கத்துனாங்க. எங்கப்பனும் கத்தித்தான் பேசுவாரு. எங்கிட்ட மெதுவாப் பேசறவரு நீங்க ஒருத்தர்தானுங்க மாமா. அந்தப் பேச்சு போயிருமேன்னு இருந்துச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கேட்காது என்று கொஞ்சம் சத்தமாகவே அழுதேன். பார்த்துவிட்டாள். நுரைக்கையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டதில் கண்ணெல்லாம் சோப்பு எரிச்சல். அப்புறம் இரண்டு பேரும் அழுததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொண்டோம்.

நான் கத்திப் பேசப் போவதில்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். அவள் டாக்டரிடம் வருவதாகச் சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

ஜூலை 20, சனி

காது ஆஸ்பத்திரி. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அவள் நிறைய நேரம் அமுக்காமலே உட்கார்ந்திருந்ததை வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்ப்பது சுலபமாக இல்லை.

மில் இரைச்சல் தின்ற காது, திரும்ப வராது, ஆனால் கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார் டாக்டர் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “ஐயா என்ன வேலை பாக்கறீங்க? நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாமே” என்றார்.

“எனக்கெதுக்குங்க மேடம்? சத்தத்த வெச்சுத்தான் நான் பொழைக்கறதே.”

ஆகஸ்ட் 2, வெள்ளி

இரண்டு காதிலும் கருவி வந்துவிட்டது. பயறு அளவுதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து துளசி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குழாய் சொட்டுகிறது. காலண்டர் காற்றில் அடிக்கிறது. அவள் வளையலே அவளுக்குத் தொந்தரவாக இருக்கிறதாம். நான் சாப்பிடும்போது ‘சவக் சவக்’ என்று சத்தம் வருகிறதாம், இத்தனை நாள் தப்பித்தேன் என்கிறாள்.

குக்கர் மூன்று விசிலில் இறங்கிவிட்டது. இனி என் பாடு கொஞ்சம் ஜாக்கிரதைதான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றைக்குத்தான் சரியான சோதனை. கம்பெனி சைலன்ஸர். முறுக்கல் கிடையாது. டீச்சரிடம் துண்டை வீசக்கூடாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

ஐந்தே முக்காலுக்குத் தொட்டி முனை. கியரை மட்டும் குறைத்தேன். ஒன்பதாவது வீட்டைத் தாண்டியபோது என் வீட்டுக் கேட்டில் அசைவு. பத்தாவது வீட்டில் இடது பக்கம் திறந்தது. நான் போய் நிற்பதற்குள் வலது பக்கமும் திறந்தது. மாடியில் டீச்சர் துண்டில்லாமல் வெறுங்கையை ஆட்டினார்.

“கேட்டுச்சா?” என்றேன், மெதுவாகத்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

“கேட்டுச்சுங்க மாமா. பெரிய சத்தமே தேவையில்ல, இதுவே போதும்.” கேட்டை ஒருதடவை ஆட்டினாள். முகத்தைச் சுளித்தாள். “ஆனா இந்தக் கேட்டு என்னுங்க இப்பிடிக் கீச்சுன்னு காதக் கிழிக்குது? இத்தன நாளா எப்பிடிப் பொறுத்துட்டு இருந்தீங்க?”

நானும் ஆட்டிப் பார்த்தேன். மறுபடி ஆட்டிப் பார்த்தேன். கீலின் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்து, மெதுவாகவும் வேகமாகவும் ஆட்டினேன். ஆறாம் பெஞ்ச் ஞாபகம் வந்தது. கருகின பருப்பு ஞாபகம் வந்தது. டாக்டர் அம்மா என்னைப் பார்த்த பார்வையும் ஞாபகம் வந்தது.

நிமிர்ந்தபோது துளசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள்காட்டி விரலையும் தொட்டுப் பிரித்தாள். புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையை மேலே திருப்பினாள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். முதலில் இடது காது. பிறகு வலது.

சனிக்கிழமை எனக்கு டாக்டர். நாளைக்கு ஷர்மிளாவிடம் ஆறாம் பெஞ்ச் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கேட்: எண்ணெய் விட்டேன். கீச்சு நின்றுவிட்டதா என்று துளசியைக் கேட்டேன். நின்றுவிட்டது என்றாள்.